டின் மீனில் இரட்டை லேபல்: பேராக் தோட்டப்புற நகரொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மெக்கரல் (கானாங்கெளுத்தி) டின்களின் மேல், உயர்தரச் சார்டின் என்று சொல்லும் இன்னொரு லேபலை ஒட்டி விற்ற இந்த நிகழ்வு நடந்த ஊர், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள ஒரு சிறு தோட்டப்புற நகரம். சுற்றியுள்ள தோட்டங்கள் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறி ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்து வெளியேறிய குடும்பங்களில் பெரும்பாலானவை நகரை ஒட்டிய மலிவு விலை வீடுகளில் குடியேறிவிட்டன. இன்னமும் தோட்டத்தில் வேலை செய்பவர்களும், அங்கே தங்கியிருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும், ஓய்வு பெற்ற முதியவர்களும் மளிகைக்கு நம்பியிருப்பது நகரின் ஒரே கடைத்தெருவைத்தான். ஊரின் பெயரையும் தொடர்புடையவர்களின் அடையாளத்தையும் இங்கே தரவில்லை. நான் அவ்வூர்க் குடியிருப்பாளர் சங்கத்தின் பயனீட்டாளர் குழுவில் செயலாளராக இருந்தேன். புகாரின் தொடக்கம் முதல் முடிவு வரையிலான தாள்கள் எங்கள் கோப்பில் இருப்பதால், இதே நிலையைச் சந்திக்கக்கூடிய பிற குழுக்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

தோட்டப்புறச் சமையலறையில் டின் மீனுக்கு உள்ள இடத்தை முதலில் சொல்ல வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். அந்தத் தேதியை ஒட்டிய நாள்களில் வீட்டில் கோழியும் பச்சை மீனும் இருக்கும். மாதக் கடைசியில் சார்டின் டின்தான் கைகொடுக்கும். 425 கிராம் பெரிய டின் ஒன்றைத் திறந்து, நிறைய வெங்காயமும் காய்ந்த மிளகாய் விழுதும் சேர்த்துப் பிரட்டினால், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்குப் போதும். பேச்சு வழக்கில் தக்காளிச் சாற்றில் அடைத்து வரும் எந்த மீனுக்கும் சார்டின் என்றே பெயர். உள்ளே இருப்பது உண்மையான சார்டினான மத்தியா, கானாங்கெளுத்தியா என்று கடையில் யாரும் கேட்பதில்லை.

மளிகைக் கணக்கு, அட்டையில் 555 என்று அச்சடித்த அந்தச் சிறு நோட்டுப் புத்தகத்தில்தான் ஏறுகிறது. மாதம் முழுவதும் எழுதி, சம்பளத்தன்று கூட்டித் தீர்ப்பது வழக்கம். அதில் "சார்டின் பெரிசு 2" என்று இருக்குமே ஒழிய, எந்தச் சின்னம், என்ன வகை என்பதெல்லாம் இருக்காது. ரசீது கேட்பவர்களும் குறைவு. இந்தப் பழக்கம் பின்னர் விசாரணையில் பெரும் சிக்கலாக எழுந்தது.

இன்னொரு சூழ்நிலையையும் குறிப்பிட வேண்டும். 1985-ஆம் ஆண்டு உணவு விதிகளின்படி, உள்நாட்டில் தயாரான உணவின் லேபல் மலாய் மொழியில் இருக்க வேண்டும். இறக்குமதியான உணவுக்கு மலாயோ ஆங்கிலமோ போதும். தமிழ் கட்டாயமில்லை, அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால், தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகள் மட்டுமே படித்துவிட்டு ரப்பர் பால்வெட்டப் போன முதிய பெண்கள் டின்னைத் தேர்ந்தெடுப்பது எழுத்தைப் பார்த்து அன்று; நிறத்தையும் படத்தையும் முத்திரையையும் பார்த்துத்தான். ஒரு தங்க நிற வட்டத்துக்குள் பெரிய "ஏ" எழுத்து இருந்தால், அரசாங்கம் பார்த்துக் கொடுத்த முதல் தரம் என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலம் படித்த அவர்களுடைய பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது இந்த விசாரணையின்போது தெரிந்தது.

கண்டறியப்பட்டவை

ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளியான ஓர் அம்மையார், காலி டின்களில் கறிவேப்பிலை நாற்று வைத்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பவர். டின்னின் தாளை உரிப்பதற்காக இரவில் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். காலையில் மேல்தாள் கழன்று மிதந்தது. அதற்கு அடியில் இன்னொரு தாள் ஒட்டியபடியே இருந்தது. முதலில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது டின்னிலும் அதே போல இருந்ததால், இரண்டு தாள்களையும் வெயிலில் காயவைத்து எங்களிடம் கொண்டு வந்தார்.

மேல்தாளில் சார்டின் என்ற பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. வலப்பக்க மூலையில் தங்க நிற வட்டம், அதற்குள் "ஏ" எழுத்து, கீழே சிவப்பு ரிப்பன். வட்டத்தின் ஓரமாகப் பிரிமியம் என்றும் ஏற்றுமதித் தரம் என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். யார் அந்தத் தரத்தை வழங்கினார்கள் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. தர நிர்ணய அமைப்பான சிரிமின் முத்திரையோ, சுகாதார அமைச்சின் உணவுப் பாதுகாப்புச் சான்றான மெஸ்தியோ, 2017-இல் அமைச்சு அறிமுகப்படுத்திய ஆரோக்கியத் தேர்வுச் சின்னமோ அதில் கிடையாது. ஆனால் அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது போலத் தோன்றும் வகையில் அந்த வட்டம் வரையப்பட்டிருந்தது. விநியோகிப்பவர் என்ற இடத்தில் ஒரு கைப்பேசி எண் மட்டும் இருந்தது. முகவரி இல்லை, எந்த நாட்டில் தயாரானது என்பதும் இல்லை.

அடித்தாள் வெள்ளை, நீல நிறத்தில் எளிமையாக இருந்தது. தக்காளிச் சாற்றில் அடைத்த மெக்கரல் என்ற பெயர், அதாவது கானாங்கெளுத்தி. சேர்மானங்கள், நிகர எடை, சீனாவில் தயாரிக்கப்பட்டது என்ற வரி, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் எல்லாம் முறையாக இருந்தன. தரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை. அடித்தாள் ஒரே நேர்க்கோட்டில், தொழிற்சாலை இயந்திரம் ஒட்டிய தடத்தோடு இருந்தது. மேல்தாளில் நான்கு இடங்களில் விரலால் தடவிய பசைத் திட்டுகள் தெரிந்தன. டின் மூடியில் அச்சிட்டிருந்த தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அடித்தாளில் இருந்தவற்றோடு பொருந்தின.

மூடியின் தேதி திருத்தப்படவில்லை என்பது தெரிந்ததும், குழுவில் ஒரு சாரார் இதை விட்டுவிடலாம் என்றனர். மீன் கெடவில்லை, காலாவதியாகவில்லை, யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை, பிறகு எதைக் குற்றம் என்று சொல்வது என்பது அவர்களின் கேள்வி. எதிர்த்தரப்பு சொன்னது: அதே மெக்கரல் டின், மேல்தாள் இல்லாமல், அடுத்த தெருவில் இரண்டு வெள்ளிக்கும் (ரிங்கிட்) மேல் குறைவாக விற்கிறது, அந்த இரண்டு வெள்ளிக்கு வாங்கியவர் பெற்றது ஒரு தங்க வட்டம் மட்டுமே. சட்டத்தின் பார்வையும் இதுதான் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டோம்.

எந்த அலுவலகத்துக்குப் போவது

உணவு லேபல் விஷயத்தில் இந்நாட்டில் இரண்டு கதவுகள் உள்ளன. 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த 1985-ஆம் ஆண்டு உணவு விதிகளும் சுகாதார அமைச்சின் பொறுப்பு. மாவட்டச் சுகாதார அலுவலகம் அதன் கை. 2011-ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டம் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பொறுப்பு. அதன் அமலாக்க அதிகாரிகளை ஊரில் எல்லாரும் கேபிடிஎன் என்பார்கள்.

உணவுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஓர் உணவின் இயல்பு, தரம், சேர்மானம், எடை, தோற்றம் போன்றவற்றில் பொய்யாகவோ தவறாக எண்ணவைக்கும் வகையிலோ லேபல் இடுவதைக் குற்றமாக்குகிறது. அதற்கு உணவு கெட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. உணவு விதிகளின் 18-ஆம் விதி இன்னும் நேரடியானது: தரப்படுத்தலையோ உயர்வையோ குறிக்கும் சொற்கள், உரிய அதிகாரம் கொண்ட அமைப்பு வகுத்த தரத்தின்படி இல்லாவிட்டால், உணவு லேபலில் வரக் கூடாது. டின் மீனுக்கு "ஏ" தரம் வழங்கும் அரசாங்க அமைப்பு எதன் பெயரும் அந்தத் தாளில் இல்லாததே எங்கள் புகாரின் முதுகெலும்பு. இதற்கு மேல், 11-ஆம் விதி கேட்கும் முகவரியும் தயாரித்த நாடும் விடுபட்டிருந்தன.

வாணிப விவரிப்புச் சட்டத்தில், ஒரு பொருள் யாரோ ஒருவரால் அங்கீகரிக்கப்பட்டது என்று தோன்றவைப்பதும் விவரிப்புக்குள் அடங்கும். அதன் 5-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு நிறுவனம் என்றால் 250,000 வெள்ளி வரை அபராதம். தனிநபர் என்றால் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ. பொய் விவரிப்பை ஒட்டியவர் மட்டுமல்ல, அப்படி ஒட்டிய பொருளை விற்பதற்கு வைத்திருப்பவரும் இந்தப் பிரிவுக்குள் வருகிறார். இந்த இடம்தான் குழுவை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது, ஏனென்றால் அந்த வரிப்படி முதலில் மாட்டுபவர் எங்கள் கடைக்காரர்.

இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே கடிதத்தின் நகலை அனுப்புவதுதான் பொதுவாகச் செய்யப்படுவது. அப்படிச் செய்தால் ஒவ்வோர் அலுவலகமும் மற்றது பார்த்துக்கொள்ளும் என்று எண்ணக்கூடும். ஆகவே தனித்தனிக் கடிதங்கள் எழுத முடிவு செய்தோம். சுகாதார அலுவலகத்துக்குப் போன கடிதத்தில் 11, 18 ஆகிய விதிகளும் ஒட்டிய தாளின் நிலையும் மட்டும் இருந்தன. கேபிடிஎன்னுக்கு அதன் இணையப் புகார்த் தளமான ஈ-அடுவான் வழியாகப் போன புகாரில் தங்க வட்டம், விலை வேறுபாடு, முகவரி இல்லாத விநியோகிப்பாளர் ஆகியவை இருந்தன. மற்ற அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறோம் என்பதை இரண்டிலும் கடைசி வரியாகச் சேர்த்தோம்.

புகாருக்கு முன் எடுத்த முடிவுகள்

அம்மையாரின் டின்கள் காலியானவை, ஊறவைத்தவை. வாங்கியதற்கான ஆதாரம் 555 புத்தகத்தின் ஒரு வரி. அந்த வரி எந்த டின்னைக் குறிக்கிறது என்று யாராலும் நிறுவ முடியாது. அதனால் குழுவைச் சேர்ந்த ஒருவர் கடைக்குச் சென்று, சாதாரண வாடிக்கையாளராகச் சில டின்களை ரொக்கத்துக்கு வாங்கி, தேதியிட்ட ரசீதும் பெற்று, எதையும் திறக்காமல் தாளைத் தொடாமல் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். பெட்டியின் மேல் வாங்கிய நேரமும் இருவரின் கையெழுத்தும் இடப்பட்டன. அதிகாரிகள் முதலில் கேட்டது இந்தப் பெட்டியைத்தான்.

அடுத்தது, வாட்சப்பில் பகிர்வதில்லை என்ற முடிவு. இதற்கு இளையவர்களிடம் எதிர்ப்பு இருந்தது. ஆனால் 2018-ஐ ஊரில் யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் இந்தோனேசியாவின் உணவு, மருந்து கண்காணிப்பு அமைப்பு 27 சின்னங்களைச் சேர்ந்த டின் மெக்கரலில் ஒட்டுண்ணிப் புழு கண்டதாக அறிவித்தது. பின்னர் சீனாவில் இருந்து வந்த சில டின் சார்டினிலும் புழு இருந்ததாக நம் சுகாதார அமைச்சும் அறிவித்தது. அறிவிப்பில் குறிப்பிட்ட சின்னங்கள் சிலவே என்றாலும், கைப்பேசிகளில் சுற்றிய படங்களில் எந்தச் சின்னமும் தெளிவாக இல்லாததால், எங்கள் கடைத்தெருவில் எல்லா டின் மீனும் வாரக்கணக்கில் தூசு படிந்து கிடந்தது. இம்முறை பிரச்சினை மீனில் இல்லை, தாளில் இருந்தது. அந்த வேறுபாட்டை ஒரு வாட்சப் படம் காட்டாது.

கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்வதா வேண்டாமா என்பதில்தான் குழு பிளவுபட்டது. அவர் அந்நியர் அல்லர். வேலை போனவர்களுக்கும் கணக்கை மூடாமல் அரிசி கொடுப்பவர். ஆனால் சொன்னால் அவர் விநியோகிப்பாளரை அழைப்பார், சரக்கு ஒரே இரவில் மறைந்துவிடும், ஒட்டியவர் வேறு ஊரில் இதையே செய்வார். அதனால் அதிகாரிகள் வரும் வரை சொல்வதில்லை என்று பெரும்பான்மை முடிவு செய்தது. என் தனிப்பட்ட கருத்தில் அது சரியான முடிவு. ஆயினும் அதற்காக ஊரில் சிலர் எங்களோடு நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அதிகாரிகளின் வருகை

முதலில் வந்தவர்கள் கேபிடிஎன் அமலாக்க அதிகாரிகள். அலமாரியில் இருந்த டின்களையும் பின்கட்டில் திறக்காமல் இருந்த பெட்டிகளையும் எண்ணிப் பட்டியலிட்டு, முத்திரையிட்டுக் கைப்பற்றினார்கள். பின்கட்டுப் பெட்டிகளில் ஒரு விஷயம் உடனே கண்ணில் பட்டது: வெளிப்பெட்டியில் மெக்கரல் என்றே அச்சிட்டிருந்தது. ஒட்டியவர் டின்களை மட்டும் மாற்றியிருந்தார். பெட்டியை மாற்றச் செலவாகும் என்று விட்டிருக்க வேண்டும்.

கடைக்காரர் எங்கள் உறுப்பினர் ஒருவரை, வயதில் மூத்த பெண்மணியை, பார்த்துச் சொன்னது எங்கள் குறிப்பில் உள்ளது: "அக்கா, நானா ஒட்டுனேன்? வேன்ல வந்ததை இறக்கி அடுக்குனதுதானே என் வேலை." பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அதிகாரி காட்டியபோது அவர் பதில் சொல்லவில்லை.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் அதிகாரிகள் அதற்குப் பின் வந்தார்கள். அவர்கள் வேலை முறை வேறு. உணவுச் சட்டப்படி ஆய்வுக்கு எடுக்கும் மாதிரியை மூன்று பங்காக்க வேண்டும்: ஒன்று பகுப்பாய்வாளருக்கு, ஒன்று அதிகாரியின் பாதுகாப்பில், ஒன்று கடைக்காரருக்கே. டின்னைத் திறந்து பிரிக்க முடியாது என்பதால், ஒரே தொகுதி எண் கொண்ட டின்கள் மூன்று பங்காகப் பிரித்து முத்திரையிடப்பட்டன. தன் பங்கைக் கையில் வாங்கிக்கொண்ட கடைக்காரர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அது பிற்பாடு ஆய்வு முடிவை மறுக்க நேர்ந்தால் அவருக்குப் பயன்படுவதற்காகக் கொடுக்கப்படுவது என்பதை அதிகாரியே மலாயில் பொறுமையாக விளக்கினார். எங்கள் உறுப்பினர் தமிழில் மீண்டும் சொன்னார்.

ஆய்வில் தெரிந்தது

ஆய்வு முடிவு குழுவில் சிலருக்கு ஏமாற்றமாக இருந்தது. மீன் நன்றாகவே இருந்தது. அடித்தாளில் சொன்னபடியே அது கானாங்கெளுத்தி. ஹிஸ்டமின் அளவும் வரம்புக்குள் இருந்தது.

ஹிஸ்டமின் பற்றி இங்கே கொஞ்சம் சொல்வது தகும், ஏனென்றால் டின் மீனில் "தரம்" என்ற சொல்லுக்கு உண்மையில் பொருள் கொடுக்கும் அளவுகளில் அது ஒன்று. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீனைப் பனிக்கட்டியில் வைக்காமல் வெயிலில் விட்டால், பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு டின்னில் அடைத்து 115 முதல் 121 பாகை செல்சியசில் வேகவைத்தாலும் பாக்டீரியா சாகுமே தவிர, உருவாகிவிட்ட ஹிஸ்டமின் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி வரும். கோடெக்ஸ் அனைத்துலக உணவுத் தர நெறிகளில் இதற்குச் சுகாதார வரம்பு ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம். மீன் கெடத் தொடங்கியதற்கான அடையாள வரம்பு 100 மில்லிகிராம். இது ஆய்வுக்கூடத்தில் அளந்தால்தான் தெரியும். கண்ணுக்கோ நாக்குக்கோ பெரும்பாலும் தெரியாது. பயனீட்டாளரால் தானாகச் சோதிக்க முடியாத ஒன்றை லேபல் உறுதி சொல்லும்போது, அந்த உறுதிக்குப் பின்னால் யாராவது அளந்திருக்க வேண்டும். தங்க வட்டத்துக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. மீன் நன்றாக இருந்தது தற்செயல். ஒட்டியவர் அதைச் சோதித்துப் பார்த்து ஒட்டவில்லை.

பெயர் விஷயமும் சிறிதல்ல. கோடெக்சின் 1981-ஆம் ஆண்டு டின் சார்டின் நெறி, சார்டின் என்றோ சார்டின் வகை என்றோ விற்கத் தகும் மீன் இனங்களைப் பட்டியலிடுகிறது. கானாங்கெளுத்தி அதில் இல்லை. இந்தப் பெயருக்காக நாடுகளே வழக்காடியிருக்கின்றன. ஐரோப்பியச் சமூகம் 1989-இல் கொண்டு வந்த விதி, ஐரோப்பியக் கடலோரத்து ஓர் இனத்துக்கு மட்டுமே அப்பெயரை ஒதுக்கியது. பசிபிக் கடலின் தன் மீனை அப்பெயரில் விற்க முடியாமல் போன பெரு நாடு உலக வாணிப நிறுவனத்துக்குச் சென்று, 2002-இல் மேல்முறையீட்டிலும் வென்றது. அங்கே பிணக்கு ஒரு மத்திக்கும் அதன் உறவுக்காரனுக்கும் இடையில். எங்கள் கடையில் மத்திக் குடும்பத்திலேயே சேராத மீன் அந்தப் பெயரோடு இருந்தது.

கணக்குத் தாள்

வழக்கைத் திருப்பியது ஆய்வுக்கூடம் அன்று, கடைக்காரர் ஆணியில் குத்தி வைத்திருந்த இன்வாய்ஸ். விநியோகிப்பாளர் வேனில் சரக்கு இறக்கும்போது கொடுத்த அந்தத் தாளில் "மெக்கரல் 425 கி" என்றும் பெட்டிகளின் எண்ணிக்கையும் கையால் எழுதியிருந்தது. தான் வாங்கிய சரக்கின் பெயரை அப்படியே நகலெடுத்து எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. லேபல் சொன்ன பொய்யை அவர் கையெழுத்தே மறுத்தது. அடித்தாளில் இருந்த இறக்குமதியாளரை அதிகாரிகள் தொடர்புகொண்டபோது, அந்தத் தொகுதி எண் கொண்ட சரக்கை மெக்கரல் என்ற பெயரிலேயே விற்றதற்கான ஆவணங்களை அவர் காட்டினார். இடையில் இருந்தவர் ஒருவர்தான் என்பது அதோடு உறுதியானது.

அதே தாள் கடைக்காரருக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் அமைந்தது. சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டி அவரைக் காப்பாற்றியது அது. ஆனால் உரிய கவனம் எடுத்தேன் என்ற எதிர்வாதத்தை அவர் முன்வைக்க முடியாதபடி செய்ததும் அதுவே; மெக்கரல் என்று எழுதிய தாளை வாங்கிக்கொண்டு சார்டின் என்று அடுக்கியிருக்கிறார். அவர் அந்தத் தாளில் பார்த்தது கூட்டுத்தொகையை மட்டுமே என்பதை நான் நம்புகிறேன். ஊரில் இருக்கும் கடைக்காரர்களில் பெரும்பாலோர் அதைத்தான் பார்க்கிறார்கள்.

விளைவு

கைப்பற்றிய டின்கள் கடைக்காரருக்குத் திரும்பவில்லை. அதற்கான நட்டம் அவருடையது. அவர் மீது வழக்குப் பதியப்படவில்லை, எழுத்துவழி எச்சரிக்கையோடு விடப்பட்டார். விநியோகிப்பாளர் வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ், நீதிமன்றம் போகாமல் முடிக்கும் காம்பவுண்டு அபராதத்தைச் செலுத்தினார். அவருடைய வேன் சென்ற பக்கத்து ஊர்க் கடைகளில் இருந்தும் அதே தங்க வட்டத்து டின்கள் எடுக்கப்பட்டன. சுகாதார அலுவலகம், விடுபட்ட விவரங்களைச் சேர்க்காமல் அந்தச் சரக்கை எங்கும் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

தண்டனை போதுமா என்பதில் குழுவுக்குள் இன்னமும் கருத்து வேறுபாடு உண்டு. நீதிமன்றம் போயிருந்தால் விநியோகிப்பாளரின் பெயர் வெளியே வந்திருக்கும், அடுத்தவர் பயந்திருப்பார் என்பது ஒரு வாதம். வழக்கு இழுத்து, ஆதாரங்கள் தேய்ந்து, கடைசியில் விடுதலையாகும் ஆபத்தைவிட உடனே செலுத்தப்பட்ட அபராதம் மேல் என்பது மற்றது. எனக்கு முதல் வாதத்தில் சாய்வு உண்டு. காம்பவுண்டில் முடியும் வழக்குகளில் ஊர் மக்கள் அறிந்துகொள்வது எதுவும் இல்லை என்பதே காரணம். இங்கேயும் அதுதான் நடந்தது. முடிவு எங்கும் அறிவிக்கப்படாததால், கெட்ட மீன் விற்றதற்காகக் கடைக்காரர் பிடிபட்டார் என்ற பேச்சு பரவிவிட்டது. அதை மறுத்து, நடந்ததைத் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் கடை வாசலிலும் ஒட்ட வேண்டியதாயிற்று.

பணத்தைத் திரும்பப் பெறும் வழி சட்டத்தில் இருக்கிறது. பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ஆளுக்கு நான்கைந்து வெள்ளி இழந்தவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அங்கே போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. யாரும் போகவும் இல்லை. கடைக்காரரே ஒரு வழி கண்டார். எந்த வரி எந்த டின் என்று பிரிக்க முடியாததால், அந்த மாதத்துக் கணக்குகளில் "சார்டின் பெரிசு" என்று இருந்த எல்லா வரிகளையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். வேறு சின்னத்து டின் வாங்கியவர்களுக்கும் அதில் லாபம் கிடைத்தது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அதன்பின் அவர் அதே இறக்குமதியாளரின் மெக்கரலை வேறொரு மொத்த வியாபாரியிடம் இருந்து, அசல் லேபலோடு, குறைந்த விலையில் எடுத்து விற்கத் தொடங்கினார். அது நன்றாகவே விற்கிறது.

மாற்றிக்கொண்டவை

குழுவின் நடைமுறையில் சில மாற்றங்கள் செய்துள்ளோம். லேபல் பற்றிய எந்தப் புகாரிலும், அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன்பே ரசீதோடு கூடிய, திறக்காத பொருள் கையில் இருக்க வேண்டும் என்பது இப்போது விதி. கடைக்காரரின் இன்வாய்ஸ்தான் இத்தகைய வழக்கின் இதயம் என்று தெரிந்ததால், கடைத்தெரு வியாபாரிகளோடு ஒரு மாலைக் கூட்டம் நடத்தி, சரக்கு இறங்கும்போது இன்வாய்ஸ், வெளிப்பெட்டி, டின் ஆகிய மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். உணவு விதிகளின் இரண்டாம் பகுதி முழுவதும் விற்பவர் எழுத்தில் தரும் உறுதிமொழி பற்றியது. அதைக் கேட்டுப் பெறும் உரிமை சிறு கடைக்காரருக்கு உண்டு என்பது அந்தக் கூட்டத்தில் இருந்த பலருக்குப் புதிய செய்தி. சிலர் கேட்கத் தொடங்கியுள்ளனர். வேன்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள்.

அதிகாரிகளிடம் நாங்கள் வைத்த கோரிக்கைகளில் முதன்மையானது, சோதனையைக் கடை அலமாரியில் தொடங்காமல், தோட்டப்புறச் சாலைகளில் சரக்கு இறக்கிச் செல்லும் சிறு வேன்களில் தொடங்க வேண்டும் என்பது. சட்டம் இருவரையும் ஒரே பிரிவில் சேர்க்கிறது. ஆனால் கடைக்காரர் நாளும் அதே இடத்தில் இருப்பவர், வேன் நகர்ந்துகொண்டே இருப்பது. எளிதில் கிடைப்பவரிடமே அமலாக்கம் நின்றுவிட்டால் லேபல் அச்சிட்டவர் அடுத்த ஊரில் புதிய வட்டம் வரைவார். காம்பவுண்டில் முடியும் உணவு லேபல் வழக்குகளிலும், தவறு மீனிலா தாளிலா என்பதை ஒரு வரியிலாவது மாவட்ட அளவில் அறிவிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். முதல் கோரிக்கைக்கு, வரும் பண்டிகைக் காலச் சோதனைகளில் மொத்த வியாபாரிகளின் வாகனங்களையும் சேர்ப்பதாக வாய்மொழிப் பதில் வந்துள்ளது. இரண்டாவதற்கான கடிதத்தை மீண்டும் அனுப்பியுள்ளோம்.

இரண்டு அலுவலகங்களுக்கும் எழுதிய புகார்க் கடிதங்களின் நகல்களை, பெயர்களை நீக்கிவிட்டு, மாதிரியாகச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்துக் குழு ஒன்று, சமையல் எண்ணெய்ப் பாட்டிலில் இருந்த இதே போன்ற ஒரு வட்டத்துக்காக அவற்றை எடுத்துச் சென்றிருக்கிறது.